லோட்டாச் செடியும் ஜஹீருன்னிசாவின் கையும்

ஆம்பூரில் நயீம் அகமது என்று பேர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பூச்சி தின்னும் செடி வாத்தியார் வீடு எது என்று கேட்டால், பாலாற்றில் தோல் அலசுகிறவன்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவான். மெட்ராஸில் ஒரு காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தியவர். கல்கத்தாவிலும் சீமையிலும் அவர் பேரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அவர் சொந்தம். என் அம்மாவின் மூத்த அக்கா ஜஹீருன்னிசா. அவர் எனக்குக் காலா. காலாவின் புருஷன் கலீமுல்லாவுக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பிதான் இந்த நயீம். காலாவின் பிள்ளைகள் சச்சா என்று கூப்பிட்டார்கள். எனக்கும் அவர் சச்சாதான்.

அண்ணன் தம்பி இருவரின் வாப்பாவுக்கு ஆற்றோரம் சின்னதாக ஒரு தோல் ஷாப்பு இருந்தது. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் உதிர்த்து, பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதம் செய்கிற வேலை. பட்டை நல்ல பட்டையா என்று பார்க்க அங்கே யாரும் கண்ணை நம்புவதில்லை. ஒரு துண்டை நாக்கில் வைத்து, வாய் எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். குழித் தண்ணீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்புவார்கள். நயீம் சச்சாவும் அப்படி நாக்கால் உலகத்தைப் பார்த்து வளர்ந்தவர்தான். படிப்பு நன்றாக வந்ததால் அவரை மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, கலீமுல்லா பெரியப்பா குழியோடு குழியாக நின்றுவிட்டார்.

காலேஜில் படிப்பு முடிந்து அங்கேயே தற்காலிகமாக ஒரு வேலையும் கிடைத்தது. அந்தச் சமயம் லீவில் தவாய்க்குப் போனார். ரங்கூனுக்கும் தெற்கே கடலோரம் இருக்கிற ஊர் அது. அவர்களுடைய மாமு அங்கே தோல் வாங்கி ஆம்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே மொட்டையாக ஒரு சின்ன மலை. அதன் பாறை இடுக்கில்தான் அந்தக் கொடியை முதன்முதலாகப் பார்த்தார்.

அந்தக் கொடியை நானும் பார்த்திருக்கிறேன், சாராய பாட்டிலில் ஊறப்போட்டது. இலையின் நுனி நூல்போல நீண்டு, அந்த நூலின் முனையில் மூடி போட்ட சின்னக் குடுவை ஒன்று தொங்கும். குடுவைக்குள் தண்ணீர். விளிம்பில் வந்து உட்காருகிற ஈயும் எறும்பும் வழுக்கி உள்ளே விழும். விழுந்தது மேலே வராது. கொஞ்ச நாளில் கரைந்து கொடிக்கு உரமாகிவிடும்.

ஊருக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது வீடே சிரித்தது.

“செடி பூச்சி தின்னுதா? பிஸ்மில்லா சொல்லித்தான் தின்னுதா, இல்ல ஹராமா?” என்றார் கலீமுல்லா பெரியப்பா.

“பாய்ஜான், நீங்க சிரிங்க. இந்த ஜாதி அந்த மலைய தவிர வேற எங்கியும் இல்ல. பெரிய பெரிய ஆளுங்களுக்கே தெரியாது” என்றார் சச்சா.

காலா அவர் வரைந்த படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா மியான், நம்ம ஒளு செய்ற லோட்டா மாதிரி இருக்குது” என்றார். ஒளு என்றால் தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவுவது, அதற்கான சொம்புதான் லோட்டா. அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கொடிக்கு லோட்டாச் செடி என்றே பேர் ஆகிவிட்டது.

காலாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருடைய கை ராசியான கை என்று தெருவே சொல்லும். காலா ஊன்றிய முருங்கைக் கொம்பு பட்டதே இல்லை. புது வீடு கட்டுகிறவர்கள் முதல் கறிவேப்பிலைக் கன்றை நட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதையெல்லாம்விட மருதாணி. எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி அரைக்க இலை பறிக்கும்போது, முதல் கை இலையை ராசியான பெண்பிள்ளை ஒருத்தி பறிக்க வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டு நிக்காஹ் ஆனாலும் அந்த முதல் கை காலாவுடையது. அவருக்கு நகை கிடையாது, படிப்பு கிடையாது. இருந்த பெருமை அது ஒன்றுதான்.

சச்சா மெட்ராஸில் அந்தக் கொடியிலேயே கிடந்தார். ஒருநாள், தவாயிலிருந்து சின்ன பாட்டிலில் பிடித்து வந்திருந்த குடுவைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலேஜில் அந்தப் பாடத்துக்குத் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் பார்த்துவிட்டாராம். “தோல் குழிப் பழக்கம் இன்னும் போகவில்லையா?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தாராம். சச்சாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றோடு எதையும் நாக்கில் வைப்பதை விட்டுவிட்டார். எல்லாம் கண்ணாடிக் குழாயும் காகிதமும்தான் என்று ஆனது. உயிரோடு இருக்கிற கொடிகளைக் கொண்டுவந்து வளர்த்து, பூக்கவைத்து, ஆராய்ந்து எழுதினால் வேலை நிரந்தரம் என்று அதே வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார்.

அப்போது முதல் ஜெர்மன் சண்டை வந்தது. துப்பாக்கிக்கு வேண்டிய ஏதோ உலோகம் அந்த மலையில் இருக்கிறது என்று தவாயில் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாமு சொல்லியனுப்பினார். சச்சா ஓடினார். பாதி மலை அதற்குள் போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்த கொடிகளை எல்லாம், ஆண் கொடி பெண் கொடி என்று பார்த்துப் பார்த்து, வேரோடு எடுத்துக் கூடையில் அடுக்கினார்.

“டேய், ரெண்டு கொடிய பக்கத்து மலையில நட்டுட்டுப் போயேன்டா. எல்லாத்தையும் வாரிக்கினு போறியே” என்றாராம் மாமு.

“வேணாம் மாமு. இங்க யாரு பாத்துப்பாங்க? எங்கிட்ட இருந்தாத்தான் பொழைக்கும்.”

கப்பலில் வரும்போது தன் குடிதண்ணீரையே கொடிகளுக்குத் தெளித்துக்கொண்டு வந்தார் என்று கேள்வி. ஏலகிரி மலையில் குளிர்ச்சியான இடம் ஒன்று பார்த்து வைத்திருந்தார். ஆனால் பயணத்தில் கொடிகள் வாடிப்போயிருந்தன. கொஞ்ச நாள் ஆம்பூரில் வைத்துத் தேற்றிவிட்டு மேலே கொண்டுபோகலாம் என்று நினைத்தார். தோல் ஷாப்பில் பட்டை சேர்த்து வைக்கிற கொட்டகை நல்ல நிழல்.

சட்டிகளில் போட மண் வேண்டும். அந்தக் கொடிக்குச் சாதாரண மண் ஆகாது. புளிப்பான, லேசான மக்கு வேண்டும். எங்கள் ஊரில் யார் செடி வைத்தாலும் தோல் ஷாப்பில் சாறு போன பட்டைக் குப்பையைத்தான் அள்ளிப் போடுவார்கள். ஈரம் நிற்கும், வேர் நன்றாக ஓடும். அவர்கள் வீட்டு எலுமிச்சை அதில்தான் வளர்ந்தது. சச்சாவும் குவியலிலிருந்து தானே இரண்டு கையாலும் அள்ளிச் சட்டிகளை நிரப்பினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

ஆனால் அது சண்டைக் காலம். பட்டாளத்து பூட்ஸுக்கும் பெல்ட்டுக்கும் தோல் கேட்டுத் தலைமேல் ஏறி நின்றார்கள். குழிகளை இரண்டு மடங்காக வெட்டியிருந்தார்கள். எங்கே எதைக் கொட்டுகிறோம் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. சுண்ணாம்புக் குழியின் அடிவண்டலையும் பட்டைக் குவியல் மேலேயே வீசிக்கொண்டிருந்தார்கள். புளிப்பில் வாழ்கிற அந்தக் கொடிக்குச் சுண்ணாம்பு விஷம். அவர் வாப்பா இருந்திருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்திருப்பார். சச்சா வைக்கவில்லை.

காலேஜில் பரீட்சை வேலை. மறுநாளே கிளம்பவேண்டி இருந்தது.

“பாபி, மழைத்தண்ணி ஜாடியில இருக்குது. அத மட்டும்தான் ஊத்தணும். கெணத்துத் தண்ணி ஆகாது, உப்பு ஜாஸ்தி. உங்க கைய நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்” என்றார் அண்ணியான காலாவிடம்.

“நீ போ மியான். எம் புள்ளைங்களுக்குச் சோறு போட்டாப்பலே பாத்துக்கறேன்.”

அப்படித்தான் பார்த்துக்கொண்டார். காலையும் மாலையும் கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து தண்ணீர் விட்டார். குடுவைகளுக்குச் சாப்பாடு போதவில்லையோ என்று ஈ பிடித்துப் போட்டார் என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் இலைகள் ஓரத்தில் மஞ்சளாக ஆரம்பித்தன. குடுவைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. காலா பயந்துபோய்ச் சொல்லியனுப்பினார். சச்சா வந்து சேர்ந்தபோது எல்லாம் கருகிக் கிடந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை.

கொட்டகையில் சச்சா ஒரு சட்டியைக் கவிழ்த்து, வேரைப் பிடித்து உதறினார். பட்டைத் தூளுக்குள் வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தது. அதில் ஒன்றை எடுத்து, வெகுகாலத்துக்குப் பிறகு, நாக்கு நுனியில் வைத்தார். சுரீர் என்று சுட்டது. சுண்ணாம்பு. அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற காலா அழுதுவிட்டார்.

“நான்தான் மியான். ஒருநா ஜாடி காலியாப் போச்சு. மானம் பாத்துப் பாத்து, மழ வரல. ஒரு சொம்பு கெணத்துத் தண்ணி ஊத்திட்டேன். வாடுதேன்னு மனசு கேக்கல.”

ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரில் அத்தனை சட்டியும் சாகாது. சச்சாவுக்கு அது தெரியும். கலீமுல்லா பெரியப்பா, வேலையாட்கள், பக்கத்து வீட்டு அன்வரி பேகம், எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“கெணத்துத் தண்ணி ஆகாதுன்னு சொன்னேனே, பாபி” என்றார் சச்சா. சட்டியை மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

மெட்ராஸில் தலைவர் கேட்டபோதும், வீட்டுப் பெண்கள் தெரியாமல் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்றே சொன்னார். தோல் ஷாப்பில் வளர்ந்தவன் சுண்ணாம்பு கலந்த பட்டையில் நட்டுவிட்டான் என்று சொன்னால், மறுபடி சிரிப்பார்கள். வேலையும் போகும் என்று பயம். வெள்ளைக்காரர் வருத்தப்பட்டார். உலர்த்தி வைத்த இலைகளையும் சாராயத்தில் ஊறிய குடுவைகளையும் வைத்தே எழுதச் சொன்னார். சச்சா எழுதினார். வேலை நிரந்தரம் ஆனது.

சண்டை முடிந்ததும் முதல் கப்பலில் மறுபடி தவாய்க்குப் போனார். ஒரு கொடியாவது கிடைக்காதா என்று. மலை இருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் இருந்தது. சுற்றுப்பட்டு மலைகளில் எல்லாம் அலைந்தார். மாமு அதற்குள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டிருந்ததால், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவும் ஆளில்லை. பிறகு அஸ்ஸாம் பக்கம் மலைகளில் இருக்கிற வேறு ஜாதிக் குடுவைக் கொடிகளைக் கொண்டுவந்து, மெட்ராஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்த்து, வாழ்க்கை முழுவதும் அதையே படித்தார். அந்தப் பெட்டிகளில் போடுகிற மக்கை ஒவ்வொரு தடவையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவாராம். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களோ இல்லையோ, அதைப் பற்றி அவர் அப்புறம் கவலைப்படவில்லை.

இங்கே ஆம்பூரில் காலாவின் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஒரு செடி பட்டுப்போனதற்கு ஒரு பெண்ணின் கையை யார் குற்றம் சொல்வார்கள் என்று நினைக்கலாம். ஆனால் அது உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத செடி, கடல் தாண்டி வந்த செடி. அப்படிப்பட்டதே அந்தக் கையில் நிற்கவில்லை என்று பேச்சு கிளம்பியது. அன்வரி பேகம்தான் கிளப்பியது. முதலில் முருங்கைக் கொம்பு ஊன்றக் கூப்பிடுவது நின்றது. பிறகு மருதாணிக்குக் கூப்பிடுவது நின்றது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். காலாவும் அதை நம்பிவிட்டார். முற்றத்தில் கீரை விதைப்பதற்குக்கூட வேலைக்காரியைத்தான் தூவச் சொல்வார்.

இதில் கொடுமை என்னவென்றால், சச்சாவின்மேல் காலாவுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. அவர் ஊருக்கு வந்தால் போதும், தனியாக நெய்ச்சோறு ஆக்கி, எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று போடுவார்.

“எவ்ளோ பெரிய மனசு பாரு அந்த ஆளுக்கு. அவரு பொழப்பையே நான் கெடுத்தேன். இன்னிவரைக்கும் ஒரு வார்த்த திட்டினதில்ல” என்று என் அம்மாவிடம் சொல்லுவார், சச்சாவின் காது கேட்கவே. சச்சா தலையைக் குனிந்துகொண்டு பிசைவார், பாதியில் எழுந்துவிடுவார். வரும்போதெல்லாம் காலாவுக்குப் புடவை வாங்கி வருவார். கொழுந்தன் தாய்போல மதிக்கிறான் என்று தெருவே மெச்சியது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிற வருஷம் காலாவின் கடைசிப் பெண் முனவ்வருக்கு நிக்காஹ் வைத்தார்கள். மருதாணிக்கு முந்தின மத்தியானம். முற்றத்து மருதாணிச் செடியைச் சுற்றிப் பெண்பிள்ளைகள் கூடியிருந்தார்கள். சச்சா வராந்தாவில் பந்தலுக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். பெற்ற தாயான காலா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அன்வரி ஆபா, நீங்க மொதல் கை பறிச்சுக் குடுங்க” என்றார் காலா.

“அம்மீ, நீங்க பறிங்க. எனக்கு உங்க கைதான் வேணும்” என்றாள் முனவ்வர்.

அன்வரி பேகம் குறுக்கே வந்தார். “சும்மா இரு பொண்ணே. உங்கம்மா நல்லவதான், நான் இல்லேங்கல. ஆனா கல்யாண வூடு. உங்க சச்சாவோட உசுரு மாதிரி இருந்த செடியே அந்தக் கையிலதான் போச்சு. தெரிஞ்சும் எதுக்கு?”

காலா சிரிக்க முயன்றார். “ஆபா சொல்றது சரிதாம்மா. வேணாம்.”

சச்சா கயிற்றைக் கீழே போட்டார். எழுந்து முற்றத்துக்கு வந்தார். பெண்கள் கூட்டத்துக்குள் அவர் அப்படி வருகிற ஆளில்லை. அவர்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

“அது பாபி கையில போகல. என் கையில போச்சு” என்றார். “பட்டைக் குப்பையில சுண்ணாம்பு கலந்திருந்துது. அத அள்ளிப் போட்டது நானு. தண்ணியால சாவல.”

உள்ளேயிருந்து கலீமுல்லா பெரியப்பா வந்து நின்றார். “இது உனக்கு எப்போடா தெரியும்?”

“அன்னிக்கே தெரியும், பாய்ஜான். கொட்டாயில சட்டியக் கவுத்தப்பவே.”

பெரியப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தவர், கல்யாண வீடு என்று நினைத்தாரோ என்னவோ, இறக்கிக்கொண்டார். அன்வரி பேகம் மட்டும், “அடேயப்பா, படிச்ச ஆளு” என்று முணுமுணுத்தார்.

காலா சச்சாவின் பக்கமே பார்க்கவில்லை. வாசலிலிருந்து இறங்கி நேராக மருதாணிச் செடியிடம் போனார். ஒரு கொத்தை உருவி முனவ்வரின் மடியில் போட்டார். முனவ்வர் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகுதான் காலா சச்சாவிடம் பேசினார். என் அம்மாவும் நானும் அங்கே இருந்தோம்.

“ஆம்பூர்ல சொல்லிட்ட, மியான். சரி. மெட்ராஸ்ல எம் பேரத்தானே சொன்ன?”

“பேரு சொல்லல, பாபி. வூட்டுப் பொம்பளைங்கன்னு சொன்னேன்.”

“அது யாரு, நான்தானே? அங்கியும் போய்ச் சொல்லிட்டு வா.”

சச்சாவின் முகம் வெளுத்துவிட்டது. ஓய்வுக்கு முன்னால் அவருக்கு ஒரு கூட்டம் போட்டு மரியாதை செய்வதாக இருந்தார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் போனார். மறுக்கிற யோக்கியதை தனக்கில்லை என்று நினைத்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகை முடிந்த நேரம், அவர் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தார். காலா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சச்சா எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார். டீ வைத்தார்கள்.

“சொன்னியா?”

“சொன்னேன், பாபி. இப்ப இருக்கிற தலைவர் கிட்டவும், எங்கூட வேல செய்றவங்க எல்லார் கிட்டவும்.”

“திட்டினாங்களா?”

“இல்ல.”

“சிரிச்சாங்களா?”

“அதுவும் இல்ல.” சச்சா டீ தம்ளரைக் கையில் உருட்டினார். “செடி எப்படிச் செத்தா இன்னா, செத்தது செத்ததுதானேன்னாரு. நான் எழுதினதுல ஒரு வரிகூட மாறாதாம். அவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லியாம், பாபி. கூட்டத்துக்கு மாலைக்குச் சொல்லியாச்சு, மறக்காம வந்துடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு.”

காலா முறத்தைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

“விஷயமே இல்லேன்னா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மியான்.”

சச்சா தம்ளரைக் கீழே வைத்தார். எதற்காகப் பயந்தாரோ அது அங்கே இருந்ததே இல்லை. வேலையும் போயிருக்காது, பேரும் போயிருக்காது. போனதெல்லாம் இந்த முற்றத்தில்தான் போயிருந்தது.

சாயங்காலம் அசர் தொழுகைக்கு பாங்கு சொல்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் மேலே ஏடு கட்டிவிட்டது. சுடவைத்துத் தரட்டுமா என்று காலா கேட்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச அரிசியைப் புடைக்க ஆரம்பித்தார்.